பச்சைப் பிளசரில் கிடைத்த கார்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் சார், எனக்கு இந்தப் பேய் பிசாசுக் கதையெல்லாம் ஆகவே ஆகாது. ராஜகிரி மலையில் வெள்ளையாக ஒன்று நின்றது, கோட்டைக் குளத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எவனாவது என் ஷெட்டில் உட்கார்ந்து ஆரம்பித்தால், "ஆவியை நான் தினமும் ரேடியேட்டரில் பார்க்கிறேன், நீ டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பு" என்று விரட்டிவிடுவேன். நான் மெக்கானிக். வண்டியில் ஒரு சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், கிடைக்கவில்லை என்றால் நான் சரியாகத் தேடவில்லை என்று அர்த்தம். இப்படித்தான் இத்தனை வருடம் வாழ்ந்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், காரணம் கிடைக்கவில்லை. நீங்கள் படித்தவர், சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் எழுந்து போய்விடாதீர்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு ஓரம் கீற்றுக் கொட்டகையில் என் ஷெட். மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றும் லாரிகள்தான் அதிகம் வரும். கார் என்று பார்த்தால் ஊருக்கே ஐந்தாறு இருந்தால் அதிகம். கார் என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள், பிளசர் என்பார்கள்.

ஏகாம்பரம் மண்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். பத்து வருடம் அடுத்தவன் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாக ஒரு வாடகைப் பிளசர் ஓட்டவேண்டும் என்று கிளம்பினான். அனந்தபுரத்தில் ஒரு மிராசுதார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் உலகச் சண்டைக் காலத்திலிருந்து கிடந்த பச்சை நிற வண்டி ஒன்றைக் கண்டுபிடித்தான். முப்பத்தெட்டாம் வருட மாடல், சீமையில் செய்தது. கம்பெனி பெயர் வேண்டாம், இப்போது எதற்கு. இரண்டு மாடு பூட்டி அதை என் ஷெட்டுக்கு இழுத்து வந்தான். ஊரே வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலமே டீக்கடையில் அவனுக்குப் 'பிளசர் ஏகாம்பரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் சார்.

அவனுக்கும் பச்சையம்மாவுக்கும் கல்யாணமாகிப் பதினோரு வருடம், பிள்ளை இல்லை. அந்தப் பெண் வேண்டாத சாமி இல்லை. பிளசர் ஓட ஆரம்பித்ததும் முதல் நீண்ட பயணம் திருப்பதிக்குத்தான், புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை சொந்த வண்டியில் மலை ஏறி பெருமாளைப் பார்ப்பது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா அம்மா, தம்பி, தம்பி பெண்டாட்டி, இவர்கள் இரண்டு பேர், ஆக ஆறு பேர். நான் முஸ்லிம்தான், ஆனால் அந்தப் பெண் என்னை அண்ணே அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டபோது, "கவலப்படாதம்மா, மூணாவது சனிக்கெழம வண்டி மலைமேல நிக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்ஜினை முழுக்கப் பிரித்தேன். உள்ளே கிராங்க் என்று ஒரு பெரிய இரும்புத் தண்டு சுற்றும். அது உட்காருகிற இடங்களில் அரை வட்டமாக வளைத்த மெல்லிய தகடுகள் இருக்கும், ஷெல் என்போம். தேய்மானமெல்லாம் அந்தத் தகட்டுக்குத்தான். ஒவ்வொரு ஷெல்லிலும் ஒரு சின்ன ஓட்டை, அதற்கு நேர் பின்னால் இன்ஜின் பிளாக்கிலும் ஒரு ஓட்டை, இரண்டும் சேர்ந்தால்தான் ஆயில் உள்ளே வரும். பழைய ஷெல்லெல்லாம் தேய்ந்து உடைந்து பொடியாகிக் கிடந்தது. புதிது வாங்க வேண்டும். எந்த நம்பர் ஷெல்? அதில்தான் இருக்கிறது தொழிலே. வண்டியின் முன் இரும்புச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு ஆணி அடித்திருக்கும், மாடல் நம்பர் அதில் இருக்கும். அதைப் பார்த்து, வண்டியோடு வந்த பார்ட்ஸ் புத்தகத்தில் தேடி, மெட்ராஸுக்குக் கடிதம் எழுதினேன். பார்சல் வந்தது. ஷெல்லைப் போட்டுப் பார்த்தால் அளந்து தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. "பார்த்தியாய்யா, நம்பர் பேசும், நான் பேச மாட்டேன்" என்று ஏகாம்பரத்திடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பூட்டும்போது அந்த ஓட்டைக்குள் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை விட்டு, பின்னால் இருக்கிற ஓட்டையோடு சேர்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நான் பார்க்கவில்லை. நம்பர்தான் சரியாக இருக்கிறதே என்ற திமிர். வேறென்ன சொல்ல.

மூன்றாவது சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை, பகல் பன்னிரண்டரை இருக்கும். நட்டநடுப் பகல் சார், இருட்டில் எதையோ பார்த்துப் பயந்தேன் என்று நினைக்காதீர்கள். புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்களே, அப்படி ஒரு வெயில். மலைப்பாறையெல்லாம் காய்ந்து அந்தச் சூடு ரோட்டில் வந்து விழுகிறது. இன்ஜின் பூட்டி முடித்து மரக்கட்டைமேல் நிற்கிறது, வியாழன் அதை வண்டியில் இறக்குவது, வெள்ளி ஓட்டிப் பார்ப்பது என்று திட்டம். பெயிண்டர் ஜெயராமன் பச்சைப் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், என் ஷெட்டின் ஓரத்தில்தான் அவருக்கும் தொழில்.

"பாய், இந்தத் தகட்டக் கழட்டிக் குடு. பின்னால ஆயில் கசியுது, பெயிண்ட் நிக்காது" என்றார்.

பிளாக்கின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவு ஒரு வாய், அதை ஒரு தகடு போட்டு இரண்டு நட்டால் அடைத்திருந்தார்கள். உள்ளே வேலை இல்லாததால் நான் அதைத் தொடவே இல்லை. ஜெயராமன் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இருவது வருசத்துப் பெயிண்டு பாய், நட்டு மேல ஒரு கீறல் இல்ல. நம்ம ரெண்டு பேரும் டவுசர் போட்டுனு இருந்தப்போ பூட்டினது" என்று சிரித்தார். உளி வைத்துத் தட்டித்தான் அந்தப் பெயிண்டை உடைத்தேன். தகடு வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு பேக்கிங்கும் வந்தது.

இரண்டு இரும்புக்கு நடுவில் ஆயில் கசியாமல் இருக்க அட்டை வெட்டி வைப்போமே, அதுதான் பேக்கிங். கடையில் எல்லா வண்டிக்கும் கிடைக்காது, நாங்களே வெட்டிக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை நன்றாக இருக்கும், காலண்டர் அட்டை நன்றாக இருக்கும். எத்தனையோ பேர் கல்யாணத்தை நான் லாரி இன்ஜினுக்குள் வைத்து முறுக்கியிருக்கிறேன். இதிலும் ஏதோ எழுத்து தெரிந்தது. சும்மா யார் கல்யாணம் பார்ப்போம் என்று மண்ணெண்ணெயில் போட்டு அலசினேன். ஆயில் குடித்துப் பழுப்பாகக் கிடந்த அட்டை, ஓரத்தில் கறுப்புக் கோடு. கருமாதிக் கார்டு.

அச்சடித்த எழுத்து அப்படியே இருந்தது. 'செஞ்சி பிளசர் ஏகாம்பரம் அவர்கள்' என்று ஒரு வரி. அடுத்து இறந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் நட்டுக்காகப் போட்ட வட்ட ஓட்டை. அப்புறம் 'சிவலோக பதவி அடைந்தபடியால்'. காரியம் எந்த நாள் என்ற வரி அட்டையின் வெட்டில் போய்விட்டது. கீழே, 'இங்ஙனம், துயருறும் மனைவி பச்சையம்மாள், மகன் ஏ. மலையப்பன்.'

நம்பினால் நம்புங்கள் சார், அந்த வெயிலில் எனக்குக் கை ஜில்லென்று ஆகிவிட்டது. ஜெயராமனிடம் நீட்டினேன். அவர் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்.

"இன்னாய்யா இது, கருமாதிக் கார்டுலயா பேக்கிங் வெட்டுவாங்க? படிச்சிட்டுக் கிழிச்சிப் போட்டுடுவாங்க, வூட்டுக்குள்ளயே வைக்க மாட்டாங்களே."

"பேர பாருய்யா."

"செஞ்சியில ஏகாம்பரம் எத்தினியோ பேரு."

"பிளசர் ஏகாம்பரம் எத்தினி பேரு? அந்தப் பேரு வச்சே மூணு மாசம்தான் ஆவுது. பெயிண்டு இருவது வருசம்னு நீதான இப்போ சொன்ன?"

அவர் கார்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "பாய், மகன்னு போட்டிருக்குது பாரு. இவனுக்குத்தான் புள்ளையே இல்லியே. அப்போ இவன் இல்ல. இவனாவே இருந்தாலும் இன்னா? புள்ள பொறந்து, வளந்து, கார்டு அடிக்கணும். அதுவரைக்கும் சாவ மாட்டான். நல்ல சேதிதான், உடு" என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் மனசு அடங்கவில்லை. டீ வாங்கி வைத்தேன், ஈ விழுந்தது, கொட்டினேன். ஸ்பேனரை எடுக்கிறேன், வைக்கிறேன். வெளியே போய் ரோட்டைப் பார்க்கிறேன், உள்ளே வருகிறேன். கார்டு பெஞ்சின்மேல் கிடக்கிறது. கடைசியில் அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பேனாவால் எழுதிய விலாசம். யாருக்கு என்ற பெயர் வெட்டில் போய்விட்டது. 'மெக்கானிக், செஞ்சி' என்று மட்டும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆறு சின்னக் கட்டம், கட்டத்துக்கு ஒன்றாக ஆறு எண்கள்.

ஆறு எண் என்றதும் என் புத்தி எங்கே போகும்? பார்ட் நம்பருக்குத்தான் போகும். அந்த வண்டியின் பார்ட்ஸ் எல்லாமே ஆறு எண்ணில்தான் வரும், இதுவும் எவனோ மெக்கானிக் குறித்து வைத்த பார்ட் நம்பர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பார்ட்ஸ் புத்தகத்தை எடுத்தேன். அதில் அப்படி ஒரு நம்பரே இல்லை. விடவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை விரல் வைத்துத் தேடினேன். தேடும்போதுதான் கடைசிப் பக்கங்களில் ஒரு படத்தில் கண் நின்றது.

ஒரு பிளாக்கின் படம். பக்கவாட்டில் அதே வாய். பெட்ரோல் பம்ப் மாட்டுவதற்கான வாய் அது. நான் முன்னால் பார்த்த பக்கத்தில், நம் பித்தளைத் தகட்டு நம்பருக்கு உரிய பிளாக்கில், அந்த வாயே கிடையாது. வாய் வைத்த பிளாக் அடுத்த வருட மாடல்.

எனக்குப் பொறி தட்டியது. சண்டைக் காலத்தில் சீமையிலிருந்து ஸ்பேர் வராது, செத்த வண்டி இரண்டை வைத்து ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிடுவார்கள். ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் பிளாக். இந்த வண்டிக்கு அந்த வாய் வேண்டாததால் தகடு போட்டு அடைத்துவிட்டார்கள். நானே அப்படி எத்தனை வண்டி ஒட்டியிருக்கிறேன். தெரிந்தும் உடம்பில் இருந்த பித்தளைத் தகட்டை நம்பி, வேறொரு வண்டிக்கு உரிய ஷெல்லை வாங்கிப் போட்டிருக்கிறேன். புத்தகத்தில் இரண்டு ஷெல்லும் ஒரே அளவு, ஆறு எண்ணும் ஒன்றே, அதன் கடைசியில் வரும் எழுத்து மட்டும் வேறு. என்ன வித்தியாசம் என்று புத்தகம் சொல்லவில்லை.

ஜெயராமனைக் கூப்பிட்டு இருவருமாகப் பூட்டிய இன்ஜினை மறுபடி பிரித்தோம். மாலை அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், போகவில்லை. கிராங்கைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு ஸ்போக்ஸ் கம்பியை ஷெல் ஓட்டையில் விட்டேன். போகவில்லை. முட்டி நின்றது. ஷெல்லின் ஓட்டையும் பிளாக்கின் ஓட்டையும் சேரவே இல்லை, நகக்கண் அளவுக்கு ஒரு பிறை மட்டும் தெரிந்தது. அது வழியாக நூல் மாதிரி ஆயில் வரும். சமதரையில் ஓடும், நன்றாகவே ஓடும். ஆறு ஆளை ஏற்றிக்கொண்டு திருமலை ஏறினால் பாதி மலையில் இன்ஜின் காய்ந்து இறுகி உடையும். அந்தக் காலத்துக் கம்பி பிரேக் அத்தனை பாரத்தையும் சரிவில் பிடித்து நிறுத்தாது. பின்னால் பள்ளம்.

"யா அல்லா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜெயராமன் அந்தக் கார்டை அதற்குமேல் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொளுத்திடு பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் கொளுத்தவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

மறுநாள் காலையில் ஏகாம்பரமும் பச்சையம்மாவும் எலுமிச்சம்பழம், பூமாலையோடு வந்து நிற்கிறார்கள், இன்ஜின் இறக்கும்போது பூஜை போட.

"இன்னா பாய், எல்லாம் கழண்டு கெடக்குது?"

"ஷெல் தப்புய்யா. வேற வரணும். பத்து நாள் ஆவும்."

"தப்பா? நம்பர் பேசும், நான் பேச மாட்டேன்னியே. இப்போ இன்னா சொல்லுது உன் நம்பரு?"

"தப்பு என்னுதுதான் ஏகாம்பரம்."

அந்த வார்த்தையை நான் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை சார். என் குணம் அப்படி. அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கோபம் தணியவில்லை.

"ஓடுமா ஓடாதா, அத்தச் சொல்லு."

"திண்டிவனம் போயி வரலாம், வல்லம் போயி வரலாம். மலை ஏறாது."

"பதினோரு வருசமா ஊர்ல ஒருத்தன் உடாம கேக்கறான்யா, இன்னா விசேசம் இன்னா விசேசம்னு. இந்த ஒரு சனிக்கெழமைய நம்பினு இருந்தா, நீ இப்போ வந்து தப்பு கிப்புன்ற! கட்டிக் குடு, நான் வேற ஆளுகிட்ட பூட்டிக்கிறேன். ஊர்ல நீ ஒருத்தன்தான் மெக்கானிக்கா?"

கத்தினான். கண்ணில் தண்ணீர் நின்றது அவனுக்கு. கார்டை எடுத்துக் காட்டிவிடலாமா என்று கை டப்பாவரை போனது. எப்படிக் காட்டுவது? உயிரோடு நிற்கிறவன் கையில் அவன் கருமாதிக் கார்டை எப்படிக் கொடுப்பது? டப்பாவைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பச்சையம்மாதான் கேட்டாள். "பாய் அண்ணே, உங்க வூட்டு ஆளுங்கள இதுல ஏத்தி அனுப்புவீங்களா?"

"மாட்டேன்மா."

"அப்போ நாமளும் ஏற வாணாம். கடேசி சனிக்கெழம போவலாம். பதினோரு வருசம் நம்மள காக்க வச்ச பெருமாளு ரெண்டு வாரம் நமக்காகக் காக்க மாட்டாரா?" என்று சொல்லிவிட்டு எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்துவிட்டாள். அவன் என்னை முறைத்துக்கொண்டே பின்னால் போனான்.

கடைசி எழுத்து மாறிய ஷெல் வந்தது. கம்பி விட்டுப் பார்த்தேன், சர்ரென்று போனது. அந்த வாய்க்கு யாரோ சிங்கவரத்துக்காரர் கல்யாணப் பத்திரிகையில் புதுப் பேக்கிங் வெட்டி வைத்தேன். கடைசி சனிக்கிழமை போனார்கள். திங்கட்கிழமை அவர்கள் திரும்பும்வரை நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஏகாம்பரம் லட்டோடு வந்து, "கடேசி வளைவுல இன்ஜின் பாடிச்சு பாய்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சனியன் விட்டது என்று நினைத்தேன். எங்கே விட்டது?

அடுத்த ஆவணியில் அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது, ஆண். பெயர் வைக்கும் அன்று என்னையும் ஜெயராமனையும் கூப்பிட்டிருந்தார்கள். இலை போட்டாயிற்று. ஏகாம்பரம் குழந்தையைத் தூக்கி வந்து, "பெருமாளு குடுத்தது, அதான் மலையப்பன்" என்றான். ஜெயராமன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் அந்தப் பெயரை வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை, இது சத்தியம். ஜெயராமன் வயிறு சரியில்லை என்று இலையிலிருந்து எழுந்து போய்விட்டார்.

ஏழெட்டு வருடம் கழித்து, தபால்காரர் ஒருநாள் வந்து இனிமேல் விலாசத்தில் பின்கோடு எழுத வேண்டும் என்று ஒரு சீட்டில் செஞ்சிக்கு உரிய எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆறு எண்கள். நான் டப்பாவைத் திறந்து பார்க்கத் தேவையே இல்லை, அந்த எண்ணைத்தான் பார்ட்ஸ் புத்தகம் முழுக்கத் தேடியிருக்கிறேனே. ஒரு எண்கூட மாறவில்லை.

அதன்பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. அந்தப் பையன் வளர வளர எல்லாருக்கும் சந்தோஷம், எனக்கு மட்டும் பதைப்பு. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான், இனி விலாசம் எழுதுவான். மீசை முளைத்தது, இனி கார்டு அடிக்கிற வயது. ஏகாம்பரம் இருமினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். ஜுரம் என்றால் முதல் ஆளாக டாக்டரிடம் இழுத்துப் போவேன். "பாய்க்கு எம்மேல எவ்ளோ பிரியம் பாரு" என்று பச்சையம்மாவிடம் சொல்லிச் சிரிப்பான். பிரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவன் சாவை டப்பாவில் வைத்துக்கொண்டு அவனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன், அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

பிளசர் பன்னிரண்டு வருடம் ஓடியது. அப்புறம் உடம்பைப் பழைய இரும்புக்குப் போட்டான். பிளாக்கை மட்டும் நான் கேட்டு வாங்கி ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் போட்டு வைத்தேன். பேக்கிங் இற்றுப்போய், வாய் திறந்து கிடந்தது.

அந்தப் புதன்கிழமைக்கு இருபத்தெட்டு வருடம் கழித்து ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தான். தூக்கத்தில் போன சாவு, கஷ்டப்படவில்லை. மண் போட்டுவிட்டு வந்தேன். சில நாள் கழித்துத் தபாலில் கார்டு வந்தது, எனக்கு. மலையப்பன் கையெழுத்து, 'இஸ்மாயில் மெக்கானிக், செஞ்சி', ஆறு கட்டத்தில் ஆறு எண். டப்பாவிலிருந்து பழைய பேக்கிங்கை எடுத்து அதன்மேல் வைத்தேன். எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. 'துயருறும்' என்பதில் ஒரு எழுத்து பாதிதான் அச்சில் விழுந்திருந்தது, பழையதிலும் அதே எழுத்து பாதி. நட்டு ஓட்டைக்குள் மட்டும் புதுக் கார்டின் தேதி தெரிந்தது.

மூன்று நாள் அந்தக் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அன்றைக்கு எவனோ ஏகாம்பரத்துக்காக ஒரு கார்டை வெட்டி அந்த வாயில் வைத்திருந்தான். அது இல்லாவிட்டால் நான் புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டேன், கம்பி விட்டிருக்க மாட்டேன், ஆறு பேரும் மலையில் போயிருப்பார்கள், மலையப்பன் பிறந்தே இருக்க மாட்டான். அந்த எவனோ யார்? கார்டு என் பெயருக்கு வந்திருக்கிறது, பிளாக்கும் என்னிடம்தான் இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று தெரிகிறது, ஆனால் செய்யாமல் விட்டுவிட்டால்?

வெட்டினேன் சார். பழைய பேக்கிங்கை மேலே வைத்து ஓரம் வரைந்து புதிதை வெட்டுவதுதான் எங்கள் வழக்கம், அப்படியே வெட்டினேன். சுத்தியின் உருண்டைத் தலையால் தட்டி ஓட்டை போட்டேன், தேதி இருந்த வட்டம் பொட்டு மாதிரி தனியாக விழுந்தது, அதையும் பழைய பேக்கிங்கையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். வேப்பமரத்தடிக்குப் போய் அந்த வாயில் வைத்து, தகடு போட்டு, கடையில் வாங்கின புது நட்டு இரண்டு, வெள்ளையாகப் பளபளவென்று இருந்தது, முறுக்கினேன். "போய் வாய்யா ஏகாம்பரம்" என்று சொன்னேன். அழுதேன், அதில் என்ன வெட்கம்.

கருமாதி முடிந்து வந்த அன்று மத்தியானம் ஷெட்டுக்குப் பின்னால் போனேன். தகட்டின்மேலும் நட்டின்மேலும் பச்சைப் பெயிண்ட். புதுப் பெயிண்ட் இல்லை, காய்ந்து மங்கி, இரும்போடு இரும்பாகப் பிடித்த பெயிண்ட். ஷெட்டில் பச்சைப் பெயிண்ட் டப்பாவே கிடையாது. உள்ளே ஓடிப்போய்ப் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன், பழைய பேக்கிங் இல்லை. தேதி இருந்த பொட்டு மட்டும் கிடந்தது. ஜெயராமனுக்கு அப்போதே பார்வை மங்கல், கையைப் பிடித்து அழைத்து வந்து எதுவும் சொல்லாமல் நட்டைத் தொடச் சொன்னேன். நகத்தால் சுரண்டினார். "இருவது வருசத்துப் பெயிண்டு பாய், ஒரு கீறல் இல்ல" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. என் கையை உதறிவிட்டுப் போனவர், சாகும்வரை ஷெட்டுப் பக்கம் வரவில்லை.

அந்தப் பொட்டு இதோ, பர்ஸில் இருக்கிறது, பாருங்கள், தேதி தெரிகிறதா? பிளாக் அங்கேதான் கிடக்கிறது, மரத்தடியில், மழையில் நனைந்தும் அந்தப் பெயிண்ட் உரியவில்லை. இரண்டு நட்டு கழற்ற இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் உள்ளே அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்க்க இத்தனை நாளாக எனக்குக் கை வரவில்லை. நம்பிக்கை இல்லை என்றால் ஸ்பேனர் அந்தப் பெஞ்சின்மேல் இருக்கிறது சார், நீங்களே போய்க் கழற்றிப் பாருங்கள். நான் ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.